புளி போட்டுத் தேய்த்த வடிகட்டி

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் அந்தப் படம் மெல்லத் தெளிவடைந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கையில் அள்ளினால் அது வெறும் குருணை. துருப்பிடித்த ஆணியின் நிறத்தில், வறுத்த ரவையின் பருமனில் இருக்கும். திரையிலோ ஒவ்வொரு மணியின் மேலும் ஒரு காடு வளர்ந்திருந்தது. இரும்பும் அலுமினியமும் கலந்த மெல்லிய இதழ்கள், ஊசிகள், அவற்றுக்கிடையே பள்ளங்கள், அந்தப் பள்ளங்களுக்குள் இன்னும் சிறிய பள்ளங்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அது முடியவில்லை. கருவியின் பார்வைதான் முடிந்தது. ஒரு கைப்பிடிக் குருணையின் மேற்பரப்பு முழுவதையும் விரித்துப் போட முடிந்தால் பெரம்பலூர் பக்கம் செட்டிகுளத்தில் ஒரு சிறிய வெங்காய வயலை மூடிவிடலாம். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. நம்புவதற்குத்தான் நேரம் பிடித்தது.

அதைச் செய்யப் பெரிய உலை எதுவும் வேண்டியதில்லை என்பது அடுத்த வியப்பு. இரும்பு உப்பையும் அலுமினிய உப்பையும் நீரில் கரைத்து, அதில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், தெளிந்த நீருக்குள் திடீரென்று ஒரு பழுப்பு மேகம் பிறக்கும். அந்த மேகத்தை வெள்ளை மணலின் மேல் படியவைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் குருணை தயார். வீட்டுப் பிளாஸ்டிக் வாளியிலேயே செய்துவிடலாம். எத்தனை முறை செய்தாலும் அந்த மேகம் பிறக்கும் நொடியில் வாளியின் மேல் குனிந்துவிடுவேன்.

நானோ தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்திருந்தேன். எங்கள் பாடநூலின் கடைசியில் வளரும் நாடுகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது. தூய நீர், மலிவான மின்சாரம், மண் வளம் என்று நல்ல நல்ல சொற்கள் அதில் இருந்தன. தேர்வுக்கு அதிலிருந்து கேள்வி வராது என்பதால் வகுப்பில் யாரும் அதை நடத்தவில்லை. படித்து முடித்த பிறகும் அந்த நடத்தப்படாத அத்தியாயம் என்னை விடவில்லை. அதனால்தான், திருச்சியில் குடிநீர் வடிகட்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய குழுவில் சேர்ந்தேன். குழுவை நடத்திய ஆராய்ச்சியாளரை நாங்கள் மேடம் என்று அழைப்போம். ஆய்வகத்தில் வேலை செய்த வடிகட்டி ஓர் ஊரிலும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பாயிற்று.

ஊர், பெரம்பலூரிலிருந்து வாலிகண்டபுரம் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்தது. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் கண்ணாடிபோல இருக்கும், வாசனை கிடையாது, குடித்தால் இனிப்பாகக்கூடத் தோன்றும். அடியில் இருக்கும் பாறை, மனிதர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாக அந்த நீரில் கரைந்துகொண்டிருக்கிறது. கரைவதில் ஒன்று ஃப்ளோரைடு. அளவாக இருந்தால் பல்லுக்கு நல்லது. மிகுந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேல் பழுப்புக் கோடுகளை எழுதிவிடும். இன்னும் மிகுந்தால், வயதானவர்களின் மூட்டுகளை இறுக்கிவிடும். அந்த ஊர் வீடுகளில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டே போனபோது ஒன்று உறைத்தது. மாப்பிள்ளை, பெண், தோழி, சித்தப்பா, யாருமே வாயைத் திறந்து சிரிக்கவில்லை.

அங்கேதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ஊரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர். அவருடைய பல் வெள்ளையாக இருந்ததால், கூட்டத்தில் அவர் சிரித்தால் தனியாகத் தெரியும். என் வீடு வரதராஜன்பேட்டை என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம பக்கமா நீங்க? எங்க அம்மா வூட்டுலேருந்து உங்க ஊரு மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்தே வந்துருக்கோம். இனிமே உங்கள தங்கச்சின்னுதான் கூப்புடுவேன்.”

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஏழு வயது. பால்பல் விழுந்து முன்பல் இரண்டு புதிதாக முளைத்திருந்தன. முளைக்கும்போதே அவற்றின் மேல் காபி சிந்தியதுபோல் கறை இருந்தது. இளையவன் கைக்குழந்தை, கஞ்சி ஊட்டத் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. முதல் நாளே அந்த அக்கா என்னிடம் சொன்னது இதுதான்:

“பொண்ணுக்கு ஆனது ஆயிப்போச்சு. பல்ல தேய்க்கலைன்னு நானே அவள அடிச்சிருக்கேன், தெரியாம. இவனுக்கு மொத வாய்க் கஞ்சி நல்ல தண்ணியில காய்ச்சணும் தங்கச்சி. அத மட்டும் செஞ்சு குடுத்துடுங்க.”

அதன்பின் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனத்தில் திட்டத்தின் பெயர் இருக்கவில்லை. அந்தக் கஞ்சிதான் இருந்தது.

வடிகட்டியை அங்கன்வாடியில் வைத்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள். நடுவில், அடியில் ஓட்டைகள் போட்ட ஒரு டப்பாவுக்குள் குருணை. மேலே ஊற்றும் நீர் குருணை வழியாகச் சொட்டிக் கீழே சேரும். “காபி ஃபில்டர் மாதிரிதான்” என்று விளக்கினேன். எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கும் பெருமை.

நீர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயத்துளி உண்டு. சோதனைக் குழாயில் நீரை எடுத்துத் துளியை விட்டால், ஃப்ளோரைடு மிகுந்த நீரில் மஞ்சளாகும். நல்ல நீரில் ரோஜா நிறம் அப்படியே நிற்கும். முதல் நாள் ஆழ்துளைக் கிணற்று நீரில் விட்டேன், மஞ்சள். வடிகட்டிய நீரில் விட்டேன். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அங்கே நின்ற எல்லாரும் நெருங்கி வந்து பார்த்தார்கள். ரோஜா நிறம் அசையாமல் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைப் பிடித்து வைத்துக்கொண்டது என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி. அந்த அக்கா குழாயை என் கையிலிருந்து வாங்கி, அதன் வழியே வெளியே தெரிந்த தெருவைப் பார்த்தார்.

அங்கன்வாடிக்கு எதிர்வீட்டில் இன்னோர் அக்கா உண்டு. பிள்ளைகள் வளர்ந்து திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஊர் விஷயம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. “கலர் பாக்குற பாப்பா” என்று எனக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கேட்பார்: “இன்னிக்கு ரோஸா, மஞ்சளா?” தொடர்ந்து ரோஜா நிறமே வந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு காலையில் போனபோது அது மஞ்சளாக வந்தது.

குழாயைக் கழுவி மறுபடி விட்டேன். மஞ்சள். சாயம் கெட்டுவிட்டதோ என்று, கையோடு கொண்டுவந்திருந்த தூய நீரில் விட்டுப் பார்த்தேன். அதில் ரோஜா நிறம் நின்றது. குருணையின் பிடிக்கும் திறன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோக வழியே இல்லை.

“என்ன பாப்பா, குழாயவே மொறச்சுப் பாக்குற?” என்றார் எதிர்வீட்டு அக்கா. “மஞ்சளா வந்தா மங்களம்தான, வுடு.”

மேல் பாத்திரத்தைத் தூக்கி டப்பாவைத் திறந்தேன். உள்ளே குருணை இருந்தது. அதன் நிறம் இல்லை. கழுவிய பச்சரிசி ரவைபோல வெள்ளையாக, அழகாக, எதற்கும் உதவாமல் கிடந்தது.

“இத யாருக்கா தொறந்தா?”

“நாந்தான் தங்கச்சி!” கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்த அக்கா முன்னால் வந்தார். குரலில் அத்தனை சந்தோஷம். “நீங்க வந்து பாக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். ஆத்தாவுக்குக் கூழு ஊத்துனோம்ல, இந்த வருஷம் ஃபில்ட்டர் தண்ணியிலதான் காய்ச்சணும்னு தெருவே சொல்லிடுச்சு. ஊருலயே நல்ல தண்ணி அதான, அதத்தான ஆத்தாவுக்குக் குடுக்கணும்? காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி எல்லாப் பாத்திரத்தையும் தேய்ச்சோம். இத மட்டும் எப்புடி வுடுறது? தொறந்து பாத்தா, அய்யய்யோ, உள்ள ஒரே துரு! நம்ம புள்ளைங்களுக்கு இதுலயா ஊத்திக்கிட்டு இருந்தோம்னு மனசு கேக்கல. புளிய ஊற வெச்சு, அதுல போட்டுப் பெசஞ்சு, தண்ணி தெளியுற வரைக்கும் அலசுனேன்.”

“காப்பித்தண்ணி மாதிரி எறங்குச்சு பாப்பா” என்று எதிர்வீட்டு அக்கா சேர்த்துக்கொண்டார். “அம்புட்டு அழுக்கு! இப்ப பாரு, எப்புடிப் பளிச்சுன்னு... ஏன் பாப்பா, ஒம் மொகம் ஏன் இப்புடிப் போவுது?”

நான் சொல்லவேண்டியிருந்தது. “அது துரு இல்லக்கா. அதுதான் தண்ணிய நல்லதாக்குற மருந்து.”

எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“நீதான காபி ஃபில்ட்டர் மாதிரின்னு சொன்ன? காபி ஃபில்ட்டரக் கழுவாம வெச்சா எறும்பு மொய்க்காதா? நல்லா இருக்கு ஒங்க படிப்பு. கழுவக் கூடாத பாத்திரம் ஒண்ணக் கண்டுபுடிச்சு, அதக் கொண்டாந்து பொம்பளைங்க கையில குடுத்துருக்கீங்க!”

அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்போது என்னை நிறுத்திவைத்தது அந்தக் கேலி அல்ல. அந்த வெள்ளைக் குருணை. ஓர் இரும்பு ஆணியைப் புளித்தண்ணீரில் போட்டால், ஆணி அப்படியே இருக்கும்; மேல் துரு மட்டும் மெல்லப் போகும். இங்கே, ஒரு வயலை மூடும் அளவு பரப்பு ஒரு கைப்பிடிக்குள் சுருங்கியிருந்ததால், புளியின் அமிலம் அத்தனை பரப்பையும் ஒரே நேரத்தில் தொட்டிருக்கிறது. எந்த நுண்மை ஃப்ளோரைடைப் பிடிக்கும் வலிமையைத் தந்ததோ, அதே நுண்மை ஒரு ரசத்துக்கான புளியின் முன்னால் அந்தக் காட்டை நிற்கவிடாமல் செய்துவிட்டது. மாதக்கணக்கில் ஆய்வகத்தில் வெப்பம், உப்பு, காலம் என எல்லாவற்றையும் எதிர்த்து நிற்கிறதா என்று சோதித்தோம். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு ஜாடியில் இருக்கும் பொருளை எதிர்த்து நிற்குமா என்று சோதிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீடு கிறித்தவ வீடு; ஆடி வெள்ளிக்கென்று என் அம்மா பாத்திரம் தேய்ப்பதில்லைதான். ஆனால் மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் புளி ஊறும்.

“அலசுன தண்ணிய எங்க ஊத்துனீங்க?” என்று கேட்டேன்.

“கருவேப்பில மரத்தடியில” என்றார் அந்த அக்கா. குரல் இறங்கியிருந்தது.

அதைக் கேட்டதும் அடுத்த கவலை வந்தது. அத்தனை வாரங்களாகக் குருணை பிடித்துச் சேர்த்துவைத்த ஃப்ளோரைடும் அந்தத் தண்ணீரோடுதான் போயிருக்கும். மரம் அங்கன்வாடியின் பின்சுவரோரம் நின்றது. பிள்ளைகளின் சாம்பாருக்கு இலை அதிலிருந்துதான். வீட்டுச் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கிக் கரைத்து வேர்ப்பக்கம் ஊற்றச் சொன்னேன். சுண்ணாம்பு ஃப்ளோரைடைக் கரையாத பொருளாகக் கட்டிப்போடும். மண்ணை ஒரு டப்பாவிலும் இலையை ஒரு கவரிலும் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். முடிவு வரும்வரை இலை பறிக்கவேண்டாம் என்று அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னேன்.

“கருவேப்பிலைக்கும் லீவு வுட்டாச்சா?” என்றார் எதிர்வீட்டு அக்கா. ஆனால் அவரே போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்தார்.

எல்லாரும் கலைந்த பிறகும் அந்த அக்கா நின்றிருந்தார். குழந்தை அவர் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“அப்ப, இத்தன நாளா நான் இவனுக்குக் குடுத்தது?”

கஞ்சி ஊட்டத் தொடங்கியிருந்தார். வடிகட்டியைத் தேய்த்த மறுநாள்தான் முதல் வாய். அம்மன் கோயில் கூழ் காய்ச்சிய நாளாகப் பார்த்து, அதே தண்ணீரில் இவனுக்கும் காய்ச்சியிருக்கிறார்.

“இத்தனை நாள்ல ஒண்ணும் ஆகாதுக்கா. வருஷக்கணக்குல குடிச்சாத்தான் பல்லுல ஏறும். இன்னமும் தாய்ப்பால்தான் அவனுக்கு முக்கால்வாசி. நெஜமாத்தான் சொல்றேன்.”

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க” என்றார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “ஆனா வருஷக்கணக்குல குடிக்கத்தான தங்கச்சி நாங்க இங்க இருக்கோம்?” என்றார். அவர் அழவில்லை. குழந்தையின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

“புளியா! நாலு பேர் உக்காந்து யோசிச்சும் நமக்குத் தோணலையே.” உடனே குரல் மாறியது. “இங்க பாரும்மா. கையில இருக்குற குருணை மொத்தமும் வேப்பந்தட்டை பக்கத்து ஊருக்குன்னு எடுத்து வெச்சது. அங்கயும் சின்னப் புள்ளைங்கதான், அங்கயும் இதே தண்ணிதான். அத எடுத்து இங்க குடுத்தா, அடுத்த திருவிழாவுக்கு மறுபடி புளி ஊறும். என்ன மாறும்னு எனக்குச் சொல்லு. சொல்ல முடியலன்னா பாத்திரத்த எடுத்துட்டு வந்துடு.”

அவர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

அன்று மாலை வரதராஜன்பேட்டைக்கு வீடு திரும்பும் பஸ் அரியலூரைத் தாண்டும்போது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. அந்தக் கல், ஒரு காலத்தில் இங்கிருந்த கடலின் அடியில் செத்துப் படிந்த உயிர்களின் ஓடு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுரங்கத்தின் ஓரத்தில் கிடந்த கல் சிப்பி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்; மூடிய வாயோடு அப்படியே கல்லாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை சேர்ந்து சேர்ந்து ஒரு மாவட்டத்தின் நிலமாக ஆகியிருக்கின்றன. இந்தப் பக்கம் கடலின் சுண்ணாம்பு, அந்தப் பக்கம் பாறையின் ஃப்ளோரைடு. நடுவில் ஒரு மணி நேரப் பஸ் பயணம். எங்கள் திட்டத்தில், தீர்ந்துபோன குருணையை ஊருக்குள் எங்கும் கொட்டாமல் திரும்ப வாங்கி, சிமெண்ட் கலவையில் சேர்த்துக் கல்லாக இறுக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். பிடித்ததைத் திரும்பவும் நிலத்தடி நீருக்கே விட்டால் பிடித்ததற்குப் பொருளில்லை. அத்தனை தூரம் யோசித்திருந்தோம். முடிவை யோசித்தவர்கள், நடுவில் வரும் வெள்ளிக்கிழமைகளை யோசிக்கவில்லை.

வேப்பந்தட்டை பக்கத்து ஊரின் குருணையைக் கேட்க எனக்கு மனமில்லை. அங்கும் ஓர் அம்மா காத்திருப்பார். நான் அவரைப் பார்த்ததில்லை என்பதற்காக அவர் குறைந்தவராக முடியாது. ஆனால் ஆய்வகத்தில், சலிக்கும்போது ஒதுங்கிய நொறுங்கல் குருணை ஒரு பெட்டியில் கிடந்தது. அளவு சீராக இல்லாததால் அதை எந்தச் சோதனைக்கும் பயன்படுத்துவதில்லை. வேலை செய்யும், மெதுவாகச் சொட்டும், அதுவும் நாளுக்கு ஒரு குடம் நீருக்கு மேல் தாங்காது. மேடத்திடம் அதைக் கேட்டேன். “எடுத்துக்கோ. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு” என்றார்.

அடுத்த வாரம் அந்தக் கேள்வியோடு போனேன். அங்கன்வாடி மூடிய பிறகு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒளிக்காமல் சொன்னேன்: பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள்; மறுபடி இப்படி ஆகாது என்றால் கொஞ்சம் குருணை இருக்கிறது, நாளுக்கு ஒரு குடத்துக்கு மட்டும்.

“தொடக் கூடாதுன்னு ஒரு சீட்டு ஒட்டிடலாம்” என்றார் அங்கன்வாடி டீச்சர்.

“சீட்டு ஒட்டுனா?” என்று அந்த அக்கா கேட்டார். முதன்முறையாக அவர் குரலில் கோபத்தைக் கேட்டேன். “ஆத்தா காப்புக் கட்டுன தெருவுல கழுவாத பாத்திரத்த எப்புடி டீச்சர் வெச்சுக்க முடியும்? ஒரு வருஷம் வெச்சுக்குவாங்க. அடுத்த வருஷம் யாராச்சும் ஒரு மருமவ வந்து, எல்லாரும் தூங்குறப்ப கழுவிடுவா. நான் கழுவுனது தப்புன்னு இப்ப தெரியுது. ஆனா கழுவாம இருந்துருப்பேனான்னு கேட்டா, இருந்துருக்க மாட்டேன்.”

நான் கொண்டுபோயிருந்ததை வெளியே எடுத்தேன். குருணையைத் தடித்த பருத்தித் துணியில் இறுக்கித் தைத்துப் பைகளாக ஆக்கியிருந்தேன். டப்பாவுக்குள் பை இருக்கும். தேய்க்கவேண்டிய நாளில் பையை எடுத்து நல்ல தண்ணீர் நிறைந்த ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, பாத்திரம், டப்பா, மூடி எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் தேய்க்கலாம். தேய்த்து நன்றாக அலசிய பின் பையைத் திரும்ப வைத்தால் போதும். பைக்குள்ளே துரு நிறம் தெரியாமலிருக்கத் துணியைக் காவி நிறத்தில் வாங்கியிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா ஒரு பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். “சாமி மூட்டை மாதிரியே இருக்கு. இத எவளும் புளியில போட மாட்டா” என்றார். “சரி, ஒரு குடந்தான்னா யாருக்கு?”

அதை முடிவு செய்யவேண்டியது நானல்ல என்று அவர்களிடமே விட்டேன். அவர்கள் பேசிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு வேண்டாம் என்பது பேச்சே இல்லாமல் முடிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா தன் முழங்காலைத் தட்டி, “இதுக்கு இனிமே தேவாமிர்தம் குடுத்தாலும் மடங்காது” என்றதோடு சரி. பிள்ளைகளிலும் யார்? அப்போது அந்த அக்காதான் சொன்னார்:

“முன்பல்லு மொளைக்காத புள்ளைங்களுக்கு மட்டும். மொளைச்சவங்களுக்கு எழுதுனது எழுதியாச்சு.”

அவருடைய மூத்த பெண் கதவோரம் நின்றிருந்தாள். அம்மா போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் தான் நிற்பது அவளுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“இல்லக்கா” என்றேன். அந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். “முன்பல்லு மட்டுந்தான் முடிஞ்சுருக்கு. கடவாப்பல்லெல்லாம் இன்னும் உள்ள உருவாகிக்கிட்டு இருக்கு. இவளுக்கும் குடுக்கணும். எட்டு வயசு வரைக்கும் குடுக்கலாம்.”

அந்த அக்கா என்னைப் பார்த்தார். “இன்னும் உள்ள இருக்கா?”

“இருக்கு. வெள்ளையாவே வரலாம்.”

ஈறுக்குள், இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் பற்கள் இழை இழையாகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அன்று அந்த அறையில் அதை நான் முதன்முறையாக அறிந்தேன். நுண்ணோக்கியின் முன்னால் எழுந்து நின்ற நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு குடத்தை எண்ணிப் பிரித்தால் தலைக்கு ஒரு டம்ளரும், கஞ்சி காய்ச்சக் கொஞ்சமும் வரும் என்று டீச்சர் கணக்குச் சொன்னார். யாரும் தர்க்கம் செய்யவில்லை. எதிர்வீட்டு அக்கா பாத்திரத்துக்குக் காவலாகத் தன்னையே நியமித்துக்கொண்டார்.

மேடத்துக்கு அங்கிருந்தே போன் செய்தேன். என்ன மாறும் என்று கேட்டிருந்தாரே, சொன்னேன். கடைசியில் அவர், “பையை எல்லா ஊருக்கும் தைக்கணும். இனிமே டப்பாவுல சும்மா கொட்டிக் குடுக்கக் கூடாது. வேப்பந்தட்டைக்குப் போறதுக்கு முன்னாடியே” என்றார். மண், இலை இரண்டின் சோதனை முடிவும் அப்போதுதான் கிடைத்தது. பயப்படும் அளவு எதுவும் இல்லை; ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க இலை பறிக்க வேண்டாம் என்றே சொல்லிவைத்தேன்.

பையைப் புதிதாக வைத்துச் சொட்டிய முதல் நீரைக் கீழே ஊற்றிவிட்டு, அடுத்ததைக் குழாயில் பிடித்தோம். துளியை அந்த அக்காவையே விடச் சொன்னேன். அவர் குழாயின் வாயருகே குனிந்தார், துளி விழுந்தது. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“ரோஸ்” என்றாள் மூத்த பெண், வாயை முழுவதும் திறந்து.

அங்கன்வாடி அடுப்பிலேயே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு டம்ளர் நீர், கொஞ்சம் மாவு, ஒரு சிட்டிகை வெல்லம். ஆறவைத்து, அந்த அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டார். பாறையைக் கடந்து, இரும்புக் காட்டின் வழியே சொட்டி, ஒரு தெருவின் பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த பிறகு வந்து சேர்ந்த அந்த ஒரு கரண்டியை அவன் உதட்டில் வைத்தார்.

அவன் அதைச் சுவைத்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு முழுவதையும் என் துப்பட்டாவின் மேல் துப்பினான்.

“தங்கச்சி, மன்னிச்சுக்கோங்க” என்று அந்த அக்கா சிரித்துவிட்டார். “வெல்லம் பத்தலடா ஒனக்கு? இரு.” அடுத்த கரண்டியை எடுத்து ஊதத் தொடங்கினார்.